மருத்துவமனையின் முதல் நாற்காலி யாருக்கு?

அம்மாவுக்குத் துணையாக ஒரு மருத்துவமனை வார்டில் பதினோரு இரவுகள் இருந்தேன். கட்டிலின் தலைமாட்டில் நர்ஸைக் கூப்பிட ஒரு பொத்தான். அதன் மேல் குறுக்காகப் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார்கள். ஓரமெல்லாம் அழுக்கேறிச் சுருண்டிருந்தது. ஒட்டிப் பல நாள் ஆயிற்று என்று பார்த்தாலே தெரிந்தது. "அது வேலை செய்யாதுங்க, ஏதாவது வேணும்னா வாசல் வரைக்கும் வந்து கூப்பிடுங்க" என்றார் இரவு டியூட்டி நர்ஸ். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ஏழெட்டு மாதம் இருக்கும் என்றார். எழுதிக் கொடுத்தாகிவிட்டதாம். வார்டு இன்சார்ஜிடமிருந்து நர்சிங் சூப்பிரண்டுக்கு, அங்கிருந்து பராமரிப்புப் பிரிவுக்கு, பிறகு கொள்முதலுக்கு, கடைசியாக நிர்வாக அலுவலகத்துக்கு என்று அந்தக் காகிதம் போய்க்கொண்டே இருந்தது. தலைமை மருத்துவர் தினமும் ரவுண்ட்ஸ் வருகிறாரே, அவரிடமே சொல்லலாமே என்றேன். "அவர் நோயாளியைப் பார்க்க வர்றாருங்க. இதைப் போய் எப்படி அவர்கிட்ட சொல்றது?" என்றார். அவர் குரலில் குறைகூட இல்லை. அப்படித்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்ட குரல். அதுதான் என்னை அதிகமாக உறுத்தியது.

பல ஆண்டுகள் கழித்து, டிரஸ்ட் ஒன்று நடத்தும் வேறொரு மருத்துவமனையின் நிர்வாகக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர் ஆனேன். மருத்துவமனையைத் தொடங்கி வளர்த்த மருத்துவர் ஓய்வு பெறப் போகிறார். அடுத்து யார்? குழுவில் பாதிப் பேர், இன்னொரு மூத்த மருத்துவர்தான் வர வேண்டும் என்றார்கள். மீதிப் பேர், மருத்துவர்கள் வைத்தியம் பார்க்கட்டும், நிர்வாகத்தை அது படித்தவரிடம் விடுவோம் என்றார்கள். நர்சிங் பக்கத்திலிருந்து ஒருவரை யோசிக்கலாமே என்று ஒரே ஒருவர் சொன்னார். இருவரைச் சேர்த்து உட்கார வைத்தால் என்ன என்ற பேச்சும் வந்தது. எனக்கு அந்தப் பிளாஸ்திரிதான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

அந்த மாதங்களில் தேடிப் படித்ததையும், நாங்கள் எடுத்த முடிவுக்கான காரணங்களையும் இங்கே வைக்கிறேன். ஒவ்வொரு வழியையும் நான் எடைபோட்ட கேள்வி ஒன்றே: வார்டில் நடக்கும் ஒரு தவறு, ஒரு குறை, எத்தனை கை மாறி முதல் நாற்காலிக்கு வந்து சேர்கிறது? வந்த பிறகு அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது புரிகிறதா?

பழைய கேள்விதான்

மருத்துவமனை என்றாலே மருத்துவர்தான் தலைவர் என்று நமக்குத் தோன்றும். வரலாறு அப்படி இல்லை. பாரிஸின் ஓத்தெல் தியூ மருத்துவமனையை நூற்றாண்டுக் கணக்கில் துறவுக் கன்னியர்கள் நடத்தினார்கள். கணக்கு வழக்கு சரியில்லை என்று 1505இல் நகரத்துக் குடிமக்கள் எட்டுப் பேரிடம் அதன் சொத்து நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். மருத்துவர்கள் அப்போது வந்து போகிறவர்கள் மட்டுமே. 1780களில் அறுவை மருத்துவர் தெசோ அங்கே அதிகாரம் கேட்டபோது கன்னியர்களோடு பெரிய மோதலே வந்தது. சண்டையின் நடுவே இருந்த விஷயங்களில் ஒன்று சாப்பாடு. நோயாளிக்கு என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று யார் சொல்வது? பசித்தவனுக்கு வயிறார உணவிடுவது கன்னியர்களுக்குப் புண்ணியம். அறுவை முடிந்தவனுக்குப் பத்தியம் முக்கியம் என்பது மருத்துவரின் கணக்கு. இரண்டு பக்கமும் நோயாளியின் நன்மையைத்தான் நினைத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மன்சூரி மருத்துவமனையில் வேறு ஏற்பாடு. வக்ஃபு சொத்தையும் வரவு செலவையும் பார்க்க நாஸிர் என்ற மேற்பார்வையாளர் ஒருவர். சிகிச்சைக்குத் தலைமை மருத்துவர் ஒருவர். எழுநூறு ஆண்டுக்கு முன்பே இரட்டைத் தலைமை இருந்திருக்கிறது.

மருத்துவமனை நிர்வாகம் என்பதைத் தனிப் படிப்பாக நினைக்கத் தொடங்கியதே அண்மையில்தான். சிகாகோ பல்கலைக்கழகம் 1934இல் அதற்கென ஒரு பட்டப் படிப்பைத் தொடங்கியது. அதன் பிறகு அமெரிக்காவில் முதல் நாற்காலி மெல்ல மெல்ல மருத்துவர் கையை விட்டுப் போனது. 2009இல் எடுத்த ஒரு கணக்குப்படி அங்கே இருந்த சுமார் 6,500 மருத்துவமனைகளில் மருத்துவரைத் தலைவராகக் கொண்டவை 235தான்.

மருத்துவரே தலைவரானால்

இந்தப் பக்கத்துக்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. 2011இல் அமண்டா குடால் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் தரவரிசைப் பட்டியல் ஒன்றில் முன்னணியில் இருந்த மருத்துவமனைகளைப் புற்றுநோய், செரிமான நோய்கள், இதய நோய் என்ற மூன்று துறைகளில் எடுத்துப் பார்த்தார். மருத்துவர் தலைமையில் இயங்கியவற்றின் தர மதிப்பெண் சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, மருத்துவர் தலைவராக இருந்ததுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். நல்ல மருத்துவமனைகள் மருத்துவர்களைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பதாகவும் இருக்கலாம் அல்லவா? 2010இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி உள்ளிட்ட ஏழு நாடுகளில் ஏறக்குறைய 1,200 மருத்துவமனைகளைப் பார்த்த இன்னோர் ஆய்விலும், மருத்துவப் பின்னணி உள்ள மேலாளர்கள் அதிகம் உள்ள இடங்களில் நிர்வாகத் தரமும் நன்றாக இருந்தது.

ஏன் அப்படி என்பது எளிதில் புரியும். அறுவை மருத்துவர் ஒருவர், "இந்தக் கருவி இல்லாமல் முடியாது" என்றால், அது உண்மைத் தேவையா, வெறும் ஆசையா என்று இன்னொரு மருத்துவருக்குச் சட்டென்று தெரியும். கேஸ் ஷீட்டைப் புரட்டும்போது எங்கே நின்று படிக்க வேண்டும் என்பது தெரியும். மருத்துவர்களும் தங்களில் ஒருவர் சொன்னால் கேட்பார்கள்.

பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மனை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. சிகிச்சை முடிந்து ஓர் ஆண்டு கழித்து அவர் எப்படி இருக்கிறார், சரியாகவில்லை என்றால் ஏன் சரியாகவில்லை என்று அதில் எழுத வேண்டும். இதுதான் அவருடைய திட்டம். பணிமூப்பைப் பார்த்துப் பதவி உயர்வு கொடுக்காதீர்கள், விளைவைப் பார்த்துக் கொடுங்கள் என்று மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வாதாடினார். யாரும் கேட்கவில்லை. 1914இல் ராஜினாமா செய்தார். ஏற்கெனவே தொடங்கியிருந்த தன் சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை வீடு திரும்பிய 337 நோயாளிகளில் 123 தவறுகளைக் கண்டுபிடித்து, அவரே அச்சிட்டு வெளியிட்டார். தன் தவறைத் தானே எண்ணி ஊருக்குச் சொல்ல எத்தனை பேருக்கு மனது வரும்! மருத்துவர் தலைமை என்று சொல்லும்போது நான் மனதில் வைத்திருப்பது இவரைத்தான்.

ஆனால் எல்லாரும் காட்மன் இல்லை. அவருடைய யோசனைகளிலிருந்து பிறந்த வேலை ஒன்றை அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் கையில் எடுத்தது. நூறு படுக்கைக்கு மேல் உள்ள 692 மருத்துவமனைகளை ஆராய்ந்தார்கள். குறைந்தபட்சத் தரத்தை எட்டியவை 89தான். தேறாதவற்றில் நாடே அறிந்த பெயர்கள் இருந்தன. 1919இல் நியூயார்க் ஓட்டல் ஒன்றின் உலையில் அந்தப் பட்டியலைப் போட்டு எரித்துவிட்டார்கள். எரித்தவர்கள் நல்ல மருத்துவர்கள்தான். தங்கள் கூட்டத்தின் பெயர் கெடக் கூடாது என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

இங்கேதான் மருத்துவர் தலைமையின் ஓட்டை இருக்கிறது. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரத்தில் நடந்ததைப் படித்தபோது இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. குழந்தைகளுக்கான இதய அறுவையில் அந்த மருத்துவமனையின் இறப்பு வீதம் மற்ற இடங்களைவிட அதிகம். மயக்க மருந்து நிபுணர் ஒருவர் அதைக் கவனித்து, கணக்கெடுத்து, மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அறுவைகளைச் செய்த இருவரில் மூத்தவர்தான் மருத்துவமனையின் மருத்துவ இயக்குநர். அதாவது, புகார் போய்ச் சேர வேண்டிய மேஜையில் உட்கார்ந்திருந்தவர் அவரே. அவருக்கு மேலே இருந்த தலைமைச் செயல் அதிகாரியும் மருத்துவர்தான், கதிரியக்கத் துறையிலிருந்து வந்தவர். சிகிச்சை விஷயம் அந்தந்த மருத்துவரின் பொறுப்பு, தலையிடுவது நிர்வாகியின் வேலை இல்லை என்பது அவர் நிலைப்பாடு. 1991க்கும் 1995க்கும் இடையே ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள், எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைவிட 30 முதல் 35 பேர் வரை கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று 2001இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. செயல் அதிகாரியின் பெயரையும் மருத்துவ இயக்குநரின் பெயரையும் 1998லேயே மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். நிர்வாக நாற்காலியில் இருந்தாலும் மருத்துவர் மருத்துவர்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

செய்தி மேலே போகாமல் இல்லை, போனது. புரியாமலும் இல்லை. சக மருத்துவரைக் கை காட்டுவது எப்படி என்ற தயக்கத்தில் அது நின்றுவிட்டது.

மாறாக நடந்த இடமும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் உள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவமனையின் தலைவராக 2000இல் வந்தவர் கேரி கப்லான் என்ற மருத்துவர். மருத்துவப் பட்டம் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன் அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு ஜப்பானுக்குப் போய், டொயோட்டா கார் தொழிற்சாலைகளின் உற்பத்தி முறையைக் கற்றுக்கொண்டு வந்தார். அங்கே ஒரு குறை கண்ணில் பட்டால் கடைசித் தொழிலாளியும் வேலையை நிறுத்தலாம். அதே உரிமையைத் தன் மருத்துவமனையில் எல்லா ஊழியருக்கும் கொடுத்தார். அப்படியும் 2004 நவம்பரில் ஒரு பெண்மணி இறந்தார். சிகிச்சைத் தட்டில் மூன்று கிண்ணங்கள். உப்புநீர், எக்ஸ்ரே படத்துக்கான சாயம், தோலைச் சுத்தப்படுத்தும் கிருமிநாசினி. மூன்றும் தண்ணீர் போலத் தெளிந்த நிறம், பெயர்ச்சீட்டு இல்லை. சாயத்துக்குப் பதிலாகக் கிருமிநாசினி ரத்தக் குழாய்க்குள் போய்விட்டது. மருத்துவமனை இதை மறைக்கவில்லை. எங்கள் தவறு என்று குடும்பத்திடமும் ஊழியர்களிடமும் வெளியுலகத்திடமும் சொன்னது. காட்மனின் அட்டைக்கு 90 ஆண்டு கழித்துக் கிடைத்த வாரிசு என்று இதைச் சொல்வேன்.

நிர்வாகம் படித்தவர் வந்தால்

இந்தப் பக்கத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. என் அம்மாவின் தலைமாட்டில் இருந்த பொத்தானைச் சரிசெய்வது ஒரு நல்ல நிர்வாகிக்கு ஒரு வாரத்து வேலை. மருத்துவமனையில் உயிரைக் காப்பதில் பாதி இப்படிப்பட்ட விஷயங்கள்தான்: ஆக்ஸிஜன் நேரத்துக்கு வருகிறதா, லிஃப்ட் ஓடுகிறதா, மருந்து இருப்பு தீரும் முன்னே ஆர்டர் போகிறதா, நர்ஸுக்குச் சம்பளம் முதல் தேதி கிடைக்கிறதா. இருபது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவருக்கு இவை தானாக வந்துவிடாது.

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948இல் தொடங்கியது. 1974இல் அதன் நிர்வாகத்தை மாற்றி அமைத்தபோது மருத்துவர், நர்ஸ், நிர்வாகி, நிதி அதிகாரி எல்லாரும் சேர்ந்து ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் நின்றுபோகும். 1983இல் சூப்பர் மார்க்கெட் நிறுவனம் ஒன்றை நடத்திவந்த ராய் கிரிஃபித்ஸ் என்பவரைக் கூப்பிட்டு ஆராயச் சொன்னார்கள். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் இன்று விளக்கோடு இந்தத் தாழ்வாரங்களில் நடந்தால், இங்கே பொறுப்பில் இருப்பவர் யார் என்றுதான் தேடிக்கொண்டிருப்பார் என்று அவர் அறிக்கையில் எழுதினார். ஒவ்வொரு மட்டத்திலும் பொறுப்பான ஒரே ஒரு மேலாளர் வேண்டும் என்றார். அப்படியே செய்தார்கள். அவர் சொன்ன நோய் உண்மையானது. மருந்தும் பல இடங்களில் வேலை செய்தது.

அதே அமைப்பில்தான் இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையின் கதையும் நடந்தது. 2005 முதல் 2009 வரை அந்த மருத்துவமனையின் தலைமை, பற்றாக்குறையைக் குறைப்பதிலும், தன்னாட்சி அந்தஸ்து வாங்குவதிலும் குறியாக இருந்தது. ஆட்களைக் குறைத்தார்கள். அவசர சிகிச்சைக்கு வந்தவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்பதை வரவேற்பில் இருந்த ஊழியர்கள் முடிவு செய்யும் நிலை வந்தது. அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் வர மாட்டார்கள். கேட்ட அந்தஸ்து 2008 பிப்ரவரியில் கிடைத்தது. அடுத்த மாதமே கண்காணிப்பு அமைப்பு விசாரணையைத் தொடங்கியது. இதையெல்லாம் விசாரித்து 2013இல் வெளிவந்த பிரான்சிஸ் அறிக்கை 290 பரிந்துரைகளைச் செய்தது.

பிரிஸ்டலில் செய்தி மேலே வந்து கேட்கப்படாமல் போனது. இங்கே செய்தி மேலே வரும் வழியிலேயே எண்ணாக மாறிவிட்டது. அவசர சிகிச்சைக்கு வந்து நான்கு மணி நேரத்துக்குள் பார்க்கப்பட்டவர் எத்தனை சதவீதம் என்று தாளில் இருக்கும். தண்ணீர் கேட்டுக் கிடைக்காத பாட்டி அந்தத் தாளில் இருக்க மாட்டார். வார்டு வாசனையே படாத ஒருவர் அந்தத் தாளை மட்டும் பார்த்து மருத்துவமனை நன்றாக நடக்கிறது என்று முழு மனதோடு நம்பிவிட முடியும். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. எனக்கு அதுதான் பயம்.

நர்ஸை ஏன் யோசிப்பதில்லை?

எங்கள் குழுவில் அந்த ஒருவர் சொன்னதை நாங்கள் முதலில் கண்டுகொள்ளவில்லை. பிறகு வெட்கப்பட்டேன். அமெரிக்காவில் மின்னசோட்டாவின் ராசெஸ்டர் நகரத்தை 1883இல் ஒரு சூறாவளி சூறையாடியது. அதன் பிறகு அங்கே மருத்துவமனை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் மதர் ஆல்ஃபிரட் என்ற கன்னியர் தலைவி. சிறிய ஊருக்கு இதெல்லாம் தாங்காது என்று தயங்கினார் அந்த ஊர் மருத்துவரான மூத்த டாக்டர் மேயோ. நாங்கள் கட்டித் தருகிறோம், நீங்கள் வைத்தியம் பாருங்கள் என்றார் கன்னியர். 1889இல் 27 படுக்கைகளோடு செயின்ட் மேரீஸ் திறந்தது. 1892இல் அதன் சூப்பிரண்டாக வந்த சிஸ்டர் ஜோசப் டெம்ப்சி நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். 1939 வரை, 47 ஆண்டுகள், அந்தப் பொறுப்பில் இருந்தார். கூடவே பல ஆண்டுகள் மூத்த மேயோவின் மகன் டாக்டர் வில்லியம் மேயோவின் அறுவை மேஜையில் உதவியாளராகவும் நின்றார். நோயாளியை அறுவைக்குத் தயார் செய்யும்போது தொப்புளில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் வயிற்றுக்குள் புற்று பரவியிருக்கிறது என்பதைக் கவனித்துச் சொன்னவர் அவர். இன்றும் மருத்துவ நூல்களில் அந்தக் கட்டிக்கு அவர் பெயர்தான். நிர்வாகத் தலைவரின் விரல்நுனி நோயாளியின் உடம்பில் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வார்டுச் செய்தி முதல் நாற்காலிக்கு வரும் தூரம் இங்கேதான் மிகக் குறைவு. குறை என்று பார்த்தால், மருத்துவர்கள் நர்ஸ் சொல்லிக் கேட்கும் மனநிலை இன்னும் பல இடங்களில் வரவில்லை. அது நர்ஸின் குறை இல்லை. ஆனாலும் முடிவெடுப்பவர்கள் அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இருவர் சேர்ந்தால்

அந்த மருத்துவமனையோடு சேர்ந்து வளர்ந்த மேயோ கிளினிக்கின் கதை அந்தச் சிஸ்டரோடு முடியவில்லை. 1908இல் வங்கியில் வேலை பார்த்த ஹாரி ஹார்விக் என்ற இளைஞரைக் கணக்குப் பார்க்க அழைத்து வந்தார்கள். அதுவரை கணக்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. 1952 வரை அவர் அங்கே இருந்தார். மேயோ சகோதரர்கள் 1919இல் தங்கள் சொத்தை லாப நோக்கமில்லாத அமைப்புக்கு மாற்றி எழுதியபோதும், மருத்துவர் எல்லாரும் சம்பளத்துக்கு வேலை செய்யும் முறை உருவானபோதும், நிர்வாகப் பக்கத்தைத் தாங்கியவர் அவர். இன்றும் அங்கே முதல் நாற்காலி மருத்துவருக்குத்தான். ஆனால் துறைத் தலைவரான ஒவ்வொரு மருத்துவருக்கும் பக்கத்திலேயே ஒரு நிர்வாகி ஜோடியாக உண்டு. மருத்துவர்கள் அந்தப் பொறுப்புக்கு மாறி மாறி வருவார்கள். காலம் முடிந்ததும் மறுபடியும் நோயாளி பார்க்கப் போய்விடுவார்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் இந்த வகைதான். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். மூட்டுவாதத்தில் விரல்கள் வளைந்துபோன கைகளால் அறுவை செய்த மனிதர். அந்தத் தீ மட்டும் இருந்திருந்தால் அது ஒரு மகானின் மருத்துவமனையாக நின்றிருக்கும். 1980களின் தொடக்கத்தில் மேலாண்மை படித்த ஆர்.டி. துளசிராஜ் நிர்வாகத்துக்கு வந்தார். தினமும் எத்தனை பேர் வருவார்கள், ஒரு மருத்துவர் பக்கத்தில் எத்தனை உதவியாளர் இருந்தால் அவர் நேரம் வீணாகாது, கட்டணம் செலுத்துபவரின் பணத்தில் எத்தனை பேருக்கு இலவசமாகச் செய்யலாம் என்பதெல்லாம் அன்றாடக் கணக்காக மாறின. 1992இல் ஆரோலேப் என்ற சொந்த நிறுவனம் மூலம் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள்.

அப்படியானால் இரட்டைத் தலைமைதான் பதிலா? கிரிஃபித்ஸ் கண்ட நோயை மறந்துவிட வேண்டாம். எல்லாருக்கும் சம அதிகாரம் என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும். மேயோவில் ஜோடி உண்டு. ஆனால் கடைசிச் சொல் யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. இருவரில் ஒருவர்மேல் மற்றவருக்கு மரியாதை இல்லை என்றாலும் இந்த ஏற்பாடு ஆறு மாதம் தாங்காது. மருத்துவர் நிர்வாகியைக் கணக்கப்பிள்ளையாகப் பார்ப்பதும், நிர்வாகி மருத்துவரைச் செலவாளியாகப் பார்ப்பதும் எங்கும் நடப்பதுதான்.

நிறுவனரின் பிள்ளைகளிடம் கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அரவிந்தில் குடும்பத்தார் பலர் அதே மருத்துவத்தில் உழைத்து வளர்ந்தவர்கள், அதனால் அங்கே அது நிலைத்தது. பெயருக்காக மட்டும் நாற்காலி கொடுப்பதென்றால், அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

உங்கள் மருத்துவமனை எந்த நிலையில் இருக்கிறது?

கடனில் மூழ்கி, சம்பளம் தள்ளிப்போகும் மருத்துவமனை என்றால் நான் நிர்வாகியைத்தான் தலைவராக்குவேன். ஆனால் காலவரையறையோடு. மூன்று ஆண்டு. அதோடு, ஆட்குறைப்பு எதுவானாலும் நர்சிங் தலைவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனையோடு. மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் கற்றுக் கொடுத்தது அது.

முப்பது நாற்பது படுக்கை உள்ள சிறிய இடத்துக்கு நர்ஸ் ஒருவர் தலைவராக இருப்பது மிகப் பொருத்தம். அங்கே தலைவர் தினமும் எல்லாக் கட்டிலையும் பார்த்துவிட முடியும். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய மருத்துவமனைக்கு மருத்துவர் இல்லாமல் முடியாது. அங்கே தலைவரின் பாதி வேலையே மூத்த பேராசிரியர்களைச் சம்மதிக்க வைப்பது. நிதி சீராக இருக்கிறது, தரத்தை உயர்த்த வேண்டும் என்ற நிலை என்றால் மருத்துவர் தலைவர், நிர்வாகி ஜோடி, கடைசிச் சொல் தலைவருக்கு. நடுத்தர மருத்துவமனைகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கும். எங்களுடையதும் அப்படித்தான்.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும் நான் விட்டுக்கொடுக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. சிகிச்சை விளைவுகளை ஆராயும் பொறுப்பு, அந்தச் சிகிச்சையைச் செய்பவரிடம் இருக்கவே கூடாது. பிரிஸ்டலில் அது ஒன்று வேறு மாதிரி இருந்திருந்தால் எத்தனை குழந்தைகள் பிழைத்திருக்கும்! அப்புறம், நிர்வாகக் குழு கூடும்போது முதலில் பேச வேண்டியது வரவு செலவு இல்லை. போன மாதம் இங்கே கெடுதல் நேர்ந்த ஒரு நோயாளியின் கதையை முதலில் கேட்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும்.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு மருத்துவர்கள் வந்தார்கள். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: போன ஆண்டு உங்கள் துறையில் நடந்த ஒரு தவறைச் சொல்லுங்கள், அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? முதலாமவர் மிகத் திறமையான அறுவை மருத்துவர். சற்று யோசித்துவிட்டு, சொல்லும்படி எதுவும் இல்லை என்றார். இரண்டாமவர் உடனே ஆரம்பித்தார். ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் வந்த இரண்டு மருந்துகள், ஒரு பயிற்சி நர்ஸ், இரவு இரண்டு மணி. ஊசி போடும் முன்பே அந்தப் பெண் கவனித்துவிட்டார். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணே சொன்னார். "அந்தப் பொண்ணு பயப்படாம என்கிட்ட வந்து சொல்லுச்சுங்க, அன்னைக்கே அந்தப் பெட்டிகளை வேற வேற அலமாரிக்கு மாத்திட்டோம்" என்றார். அந்த இரண்டாவது மருத்துவரைத் தேர்ந்தெடுத்தோம். அவர் கேட்டுக்கொண்டபடியே நர்சிங்கிலிருந்து வந்து நிர்வாகம் படித்த ஒருவரை அவருக்கு ஜோடியாகப் போட்டோம். பொறுப்பேற்ற முதல் வாரத்தில் இருவரும் சேர்ந்து, இரவு நேரத்தில், ஒவ்வொரு கட்டிலின் அழைப்புப் பொத்தானையும் தங்கள் கையால் அழுத்திப் பார்த்தார்கள்.